போனைக் கையில் எடுக்க எத்தனை காரணங்கள் வைத்திருக்கிறீர்கள்?

உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 38, அலுவலக வேலை. வீடு திரும்பியதிலிருந்து நள்ளிரவு வரை கையில் போன். இரண்டு முறை செயலிகளை எல்லாம் நீக்கிப் பார்த்தீர்கள்; ஒருமுறை ஒன்பது நாள் தாக்குப்பிடித்தது, மறுமுறை நான்கு நாள். போன வாரம் நான்காம் வகுப்பு படிக்கும் மகள், "நீங்கள் போனை வைத்த பிறகு வந்து சொல்கிறேன் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போனைத் தூக்கி எறியவும் முடியாது, இப்படியே இருக்கவும் முடியாது, நடுவில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் மன உறுதியை நம்பித் தொடங்கினால் மூன்றாவது முறையும் தோற்பீர்கள்.

நான் மனநல நிபுணன் அல்ல. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மொபைல் சர்வீஸ் கடை நடத்துகிறேன். தினமும் பத்துப் பதினைந்து போன்களைத் திறந்து பார்ப்பவனுக்கு, அவற்றின் சொந்தக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

கடைக்கு அடிக்கடி வரும் புகார், "சார்ஜ் நிற்கவில்லை" என்பது. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். திரை எத்தனை மணி நேரம் எரிந்தது, எந்தச் செயலி எவ்வளவு குடித்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஒரு ஜவுளிக்கடை மேலாளர் வந்திருந்தார். "நான் போனே பார்ப்பதில்லை சார், கால் பேசுவதோடு சரி" என்றார். முந்தைய நாள் திரை எரிந்த நேரம் ஏழு மணி நாற்பது நிமிடம். காட்டியதும், போன் தப்பாகக் கணக்கு வைக்கிறது என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. போனை எதற்காக எடுத்தோம் என்பதுதான் நமக்கு நினைவில் நிற்கிறது; எடுத்த பிறகு எங்கே போனோம் என்பது நிற்பதில்லை. மணி பார்க்க எடுத்திருப்பார், கீழே வைக்கும்போது இருபது நிமிடம் போயிருக்கும். கேட்டால், மணி பார்த்தேன் என்பார். அதுவும் உண்மைதானே.

இன்னொரு சான்று திரையிலேயே பதிந்திருக்கும். புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் அமோலெட் வகைத் திரையில் ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநாள் எரிந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தேய்ந்து, நிழல் விழுந்துவிடும். திரை முழுக்க ஒரு வெள்ளைப் படத்தை வைத்தால் பளிச்சென்று தெரியும். ஒரு கல்லூரி மாணவனின் போனில் அப்படி வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு வீட்டுச் சின்னம், நடுவில் ஒரு கூட்டல் குறி, வலது ஓரத்தில் ஓர் இதயம், எல்லாம் வெளிர் சாம்பல் நிறத்தில். எந்தச் செயலியும் திறந்திருக்கவில்லை. "இதை அழிக்க முடியாதா அண்ணா?" என்றான். புது டிஸ்ப்ளே போட்டால்தான் போகும் என்றேன். விலையைக் கேட்டுவிட்டு, நிழலோடே வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் படித்து முடித்தால் கீழே 'அடுத்த பக்கம்' என்று இருக்கும். அதை அமுக்கும் ஒரு நொடியில், போதும் என்று எழுந்திருக்க ஓர் இடம் இருந்தது. 2006-இல் அசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அந்த இடத்தை எடுத்துவிட்டார். உருட்ட உருட்டத் தானாகவே வந்துகொண்டிருக்கும்படி செய்தார். அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டால் பரிமாறுபவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். இங்கே மூடுவதற்கு இலை இல்லை.

போதாததற்கு, அடுத்து வருவது நன்றாக இருக்குமா குப்பையா என்பதும் தெரியாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த புறாவைவிட, எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தியது. ஐந்து மொக்கை வீடியோவுக்குப் பிறகு ஆறாவதாக ஒன்று சிரிக்க வைக்கிறதே, அந்த ஆறாவதுதான் நம்மை உட்கார வைக்கிறது. ஒரு செயலியை நீக்கினால் மட்டும் இது தீராது என்பதை 2020-லேயே பார்த்தோம். ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அப்பாடா என்றார்கள் பெற்றோர். ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது.

உங்கள் ஒன்பது நாள், நான்கு நாள் கதைக்கும் இதுதான் காரணம். செயலிகளை நீக்கினீர்கள், போனைக் கையில் எடுக்கும் காரணங்கள் அப்படியே இருந்தன. எடுத்த கை சும்மா இருக்குமா? முதலில் செய்தித்தளம், பிறகு கிரிக்கெட் ஸ்கோர், பிறகு யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய இணைப்பு, ஒன்பதாம் நாள் பழைய செயலி மறுபடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே என்னைச் சோதித்துப் பார்த்தேன். சட்டைப்பையில் துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, போனைத் தொடும்போதெல்லாம் ஒரு கோடும், எதற்கு என்று ஒரு சொல்லும் எழுதினேன். படுக்கப் போகும்போது 63 கோடுகள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது: மணி, தேதி, மாடிப்படியில் விளக்கு, பால் கணக்குக் கூட்ட, பாட்டு, மழை வருமா, பணம் வந்ததா. யாரோடாவது பேசுவதற்காக எடுத்தது 11 முறைதான். மீதி 52 முறையும் கடிகாரமோ டார்ச்சோ கால்குலேட்டரோ செய்திருக்க வேண்டிய வேலை.

திரை நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், எடுக்கும் காரணங்களைக் குறையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். போன் நம் வீட்டிலிருந்து பறித்துக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்குவது. கையில் ஒரு வாட்ச். படுக்கையறையில் ஒரு அலாரம் கடிகாரம். கூடத்தில் நாள்காட்டி எப்படியும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பலருக்கு அதில் தேதி கிழிப்பதுகூட மறந்துபோய்விட்டது. சமையலறை இழுப்பறையில் ஒரு கால்குலேட்டர், வாசல் ஆணியில் ஒரு டார்ச், பாட்டுக்கு ஒரு சின்ன ரேடியோ. எல்லாம் சேர்த்தாலும் ஒரு டிஸ்ப்ளே மாற்றும் செலவு ஆகாது. நகைச்சுவையாகத் தோன்றலாம், ஒரு வாரம் செய்துவிட்டுச் சொல்லுங்கள். வாட்ச் கட்டிய இரண்டாம் நாளே வித்தியாசம் தெரியும். என் கணக்கில் மணி பார்க்க எடுத்தது மட்டும் 17 முறை.

அடுத்தது சார்ஜர். கடையில் கேபிள் கேட்பவர்கள், "இரண்டு மீட்டர் நீளத்தில் இருக்கிறதா?" என்பார்கள். ஏன் என்று கேட்கவே வேண்டாம். பிளக் சுவரில் இருக்கிறது, அவர்கள் கட்டிலில் இருக்கிறார்கள். நீள கேபிளில் எனக்கு லாபம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் தெரிந்தவர்களுக்கு அரை மீட்டர் கேபிளையே கொடுத்து, பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டச் சொல்கிறேன். சார்ஜர் இருக்கும் இடத்தில்தான் போன் தூங்கும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டு, சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்பி வந்த போன்களை நான் மாற்றியிருக்கிறேன், அந்தப் பயத்துக்காகவாவது செய்யலாம்.

இரவில் போன் கூடத்தில் இருந்தால், அவசரத்துக்கு ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் என்ன செய்வது என்பீர்கள். ஒலியை முழுதாக வைத்து, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்பதைப் போட்டுவிடுங்கள். அதற்குள் விதிவிலக்குகள் இருக்கின்றன, பலர் அதுவரை போவதே இல்லை. நட்சத்திரக் குறியிட்ட எண்களிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். அதோடு, ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும்படியும் ஆண்ட்ராய்டில் வைக்கலாம். உண்மையான அவசரம் என்றால் யாரும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டு நிறுத்துவதில்லை.

அறிவிப்புகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து நாளில் மூன்று முறை மட்டும் காட்டினார்கள். வேறு சிலருக்கு ஒன்றுமே காட்டவில்லை. மூன்று முறை பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. ஒன்றுமே பெறாதவர்களுக்குப் பதற்றம் கூடியது, எதையோ தவறவிடுகிறோமோ என்ற பயத்தில். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கடை வாசலில் வந்து நிற்பதை நான் பார்க்கிறேனே.

ஆகவே வடிகட்டுங்கள். மனிதர் அனுப்புவது வேறு, இயந்திரம் அனுப்புவது வேறு. அழைப்பு, வங்கிக் குறுஞ்செய்தி, வீட்டாரின் செய்தி ஆகியவை ஒலிக்கட்டும். "உங்களுக்குப் பிடித்த சேலைக்குத் தள்ளுபடி", "உங்கள் நண்பர் ஒரு படம் பதிவிட்டார்", "இன்று மதியம் பிரியாணி சாப்பிடலாமே" என்பவை இயந்திரம் போடும் தூண்டில், இரக்கமில்லாமல் அணையுங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களை நிரந்தரமாக ஒலியடக்கி, காப்பகத்தில் தள்ளிவிட்டு, பள்ளிக் குழுவை மட்டும் மாலை ஆறு மணிக்குத் திறந்து பாருங்கள். வீட்டுப்பாடம் அதற்குள் வந்திருக்கும். செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும், 2014-இல் வந்த அந்த நீலக் குறியையும் அணைத்துவிடலாம். அப்படி அணைப்பது குழுக்களில் செல்லாது, தனிப்பட்ட செய்திகளில் செல்லும். "பார்த்துவிட்டும் பதில் போடவில்லை" என்ற வழக்கு வீட்டுக்கு வீடு நடக்கிறது. அணைத்தால் மற்றவர்கள் பார்த்தார்களா என்பது உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது சில நாளில் புரியும்.

இப்போது மகள் விஷயம். 1975-இல் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை முன்வைத்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொன்னதும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன் இல்லாத காலத்துச் சோதனை அது. நாம் ரீல்ஸ் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை வீட்டாரைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அருகில் இருந்தும் ஆளில்லாத முகம். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது என்பதால் வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். "பிறகு வந்து சொல்கிறேன்" என்கிறாள் என்றால், சொல்வதற்கு அவளிடம் இன்னும் ஏதோ இருக்கிறது. பதினான்கு வயதில் அவள் கையிலும் ஒரு போன் வந்துவிடும்.

இதைத் தனியாளாகச் செய்வதைவிட வீடே சேர்ந்து செய்வது எளிது. மகாராஷ்டிரத்தில் சாங்கலி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கரும்பு விவசாயிகளும் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகள் முடிந்து பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் போனை விடவில்லை. 2022 ஆகஸ்ட் 14 அன்று ஊர்க்கூட்டம் கூடிப் பேசி, மறுநாள் சுதந்திர தினத்திலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். டிவி, போன் எல்லாம் அணைய வேண்டும். எட்டரைக்கு மறுபடி சைரன். பிறகு அவரவர் இஷ்டம். முதலில் ஆண்கள் சிரித்தார்களாம், சீரியல் அதிகம் பார்க்கிறோம் என்று பெண்கள்தான் சம்மதித்தார்களாம். அபராதம் போட்டு நடக்கவில்லை அது. ஆரம்பத்தில் ஊராட்சி ஊழியர்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. நாள் முழுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம், எல்லோரும், ஒரே நேரத்தில். ஊரே அணைத்துவிட்டால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் சைரன் இல்லை. பாட்டியின் பழைய வெற்றிலைப் பெட்டி பிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஏழரைக்கு நான்கு போன்களும் அதற்குள் போகும், ஒன்பதுக்கு வெளியே வரும். இதில் ஒரே விதி, முதலில் போடுவது பெரியவர்கள். அப்பா போன் பெட்டிக்குள் போகாத நாளில் பிள்ளைகளின் போனும் போகாது. எங்கள் வீட்டில் ஒரு ஐபிஎல் சீசனில் இது தெளிவாக நிரூபணமாயிற்று.

கேள்வியில் நீங்கள் கேட்காத, ஆனால் கடையில் எல்லோரும் கேட்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நீல ஒளி. திரையை மஞ்சளாக்கும் வசதி, நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று நிறைய விற்கிறார்கள். கண்ணாடிகளைப் பற்றி 17 சோதனைகளை அலசி 2023-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றது. தூக்கத்தைப் பொறுத்தவரை, படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்கள் அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்து நிமிடம்! நாம் தூங்காமல் விழித்திருப்பது இரண்டு மணி நேரம். ஒளியைவிட உள்ளடக்கம்தான் திருடன்.

இரண்டு, பட்டன் போன். வாரத்துக்கு ஒருவராவது, "எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்" என்று வீராப்பாக ஒன்று வாங்கிப் போகிறார். விற்றுவிட்டு மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருப்பேன். மளிகைக்கடையில் பணம் அனுப்ப வேண்டும், பள்ளிக்குழு பார்க்க வேண்டும், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். பலர் மூன்று வாரத்தில் பழைய போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்துவிடுகிறார்கள். பட்டன் போன் நல்ல பொருள்தான், கடைக்குப் போகவோ நடைக்குப் போகவோ இரண்டாவது போனாக வைத்துக்கொள்ள.

செயலிகளில் நேர வரம்பு போடும் வசதியைப் பற்றியும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பூட்டைப் போட்டவரிடமே சாவியும் இருக்கிறது. அதைவிட, வீடியோ செயலியை நீக்கிவிட்டு, பிரவுசர் வழியாக ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அடித்து உள்ளே போகும்படி வைப்பது மேல். அந்த அரை நிமிடச் சலிப்பில் பாதி ஆசை தீர்ந்துவிடும்.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், மறைக்கவில்லை. போன் இல்லாத பையில் போன் அதிர்வதாகத் தோன்றும். கை தானாகப் பைக்குப் போகும். சும்மா உட்கார்ந்திருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கடினம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள்: பதினைந்து நிமிடம் தனி அறையில் எதுவும் இல்லாமல் உட்கார வைக்கப்பட்ட 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், அங்கிருந்த பொத்தானை அமுக்கித் தங்களுக்குத் தாங்களே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். நாம் என்ன, ரீல்ஸ்தானே பார்க்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசிவிடுவோம். இரவு பத்துக்கு மேல் நீங்கள் போனை விடாததற்குக் காரணம், அந்த ஒரு நேரம்தான் உங்களுடையது என்பதாக இருக்கலாம். காலையிலிருந்து அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்தாயிற்று; மிச்சத்தை யாருக்கும் தர மனமில்லை. அந்த நேரத்தைப் பிடுங்கும் எந்தத் திட்டமும் நிலைக்காது. எனவே அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு வேண்டாம். பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அந்த அரை மீட்டர் கேபிளில் மாட்டியபடியே பாருங்கள். முதுகு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இவை எதுவும் பிடிபடாமல், வேலையோ படிப்போ கெட்டு, தூக்கமே தொலைந்துபோகும் அளவுக்கு யாராவது இருந்தால், அது என்னைப் போன்றவர்கள் யோசனை சொல்லும் இடம் அல்ல. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனி மருத்துவப் பிரிவு நடக்கிறது. அருகில் உள்ள மனநல மருத்துவரிடமும் தயங்காமல் போகலாம். உங்கள் கேள்வியைப் படித்தவரை, நீங்கள் அந்த நிலையில் இல்லை.

நாளையே எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். வாட்ச், அலாரம் கடிகாரம், அரை மீட்டர் கேபிள் ஆகிய மூன்றோடு தொடங்குங்கள். அலாரம் கடிகாரத்தைக் கடையிலேயே காதருகில் வைத்துப் பார்த்து, முள் சத்தமில்லாமல் நகர்கிற வகையாக வாங்குங்கள். நான் வாங்கிய முதல் கடிகாரம் இரவெல்லாம் டிக் டிக் என்றது. இரண்டாம் நாளே என் மனைவி அதை எடுத்துப் போய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். இட்லி வேகும் நேரத்தை இப்போது அதில்தான் பார்க்கிறாள்.